அரிசிம்பருப்பு சோம்பேறிச் சாப்பாடு இல்லைங்க! (நீண்ட த்ரெட். பொறுமையா படிங்க)

1/
நேத்து ராத்திரி ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு வந்துச்சு. எங்க டாக்டர்கள் குரூப்புலயே வந்துச்சுங்கறதுதான் கொடுமை.

"எல்லாத்தையும் ஒரே குக்கர்ல போட்டு விசில் விடுறது சோம்பேறித்தனம். சத்து பூரா போயிடும். இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குச் சமைக்கப் பொறுமை இல்ல, அதான் வீட்டுக்கு வீடு நோய்."

கீழே வரிசையா கைதட்டல் எமோஜி. தட்டுன எல்லாரும் எம்.பி.பி.எஸ்., அதுக்கு மேலயும் படிச்சவங்க.

2/
இதே குரூப்புல ரெண்டு நாள் முன்னாடி ஒரு ரீல்ஸ் வந்துச்சு. "ஈஸி ஒன் பாட் கரீபியன் ரைஸ்". வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க ஒரே சட்டியில அரிசி, பயறு, தேங்காய்ப்பால், ஒரு முழு மிளகாய் எல்லாம் போட்டு மூடி வைக்கிறாங்க. "வாவ், ஹெல்தி, சண்டே ட்ரை பண்ணணும்"னு அதே ஆளுங்க கமெண்ட்.

அதாவது, அவங்க ஒரே சட்டியில போட்டா அது ஹெல்தி. எங்க ஊர் ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒரே குக்கர்ல போட்டா அது சோம்பேறித்தனம். இந்தக் கணக்கு எனக்குப் புரியல. அதனாலதான் இந்த த்ரெட்.

3/
முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அடுத்தவங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி அதைச் சொல்றதுதான் நியாயம்.

சில வருசம் முன்னாடி ஒரு அக்கா வந்தாங்க. வயசு 34. பனியன் கம்பெனியில ஓவர்லாக். மெஷின் முன்னாடியே மயங்கி விழுந்துட்டாங்கன்னு கூட வேலை பாக்குறவங்க கூட்டிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 6.8.

மாத்திரை எழுதினேன். டெஸ்ட் எழுதினேன். அப்புறம் வழக்கமா எல்லா டாக்டரும் சொல்ற அந்தப் பாட்டு: "தினமும் கீரை சாப்பிடுங்க, பருப்பு சாப்பிடுங்க, காய்கறி நிறைய சேத்துக்கங்க, பேரீச்சம்பழம், மாதுளை..."

4/
அந்த அக்கா கோவிச்சுக்கல. ரொம்ப நிதானமா கேட்டாங்க:

"சார், நான் வீடு போய்ச் சேர ஒம்பதேகால் ஆகுதுங்க. அதுக்கப்புறம் எப்பங்க சார் கீரை ஆயறது?"

என்கிட்ட பதில் இல்ல. படிச்ச எந்தப் புத்தகத்துலயும் அதுக்குப் பதில் போடல. ப்ரிஸ்கிரிப்ஷன்ல "கீரை"ன்னு ஒரு வார்த்தை எழுத எனக்கு ரெண்டு செகண்டு. அதை ஆய்ஞ்சு, கழுவி, நறுக்கி, கடைஞ்சு தட்டுல கொண்டு வர அவங்களுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை யாரு குடுக்கறது? டாக்டரா? கம்பெனியா?

5/
வெளியூர்க்காரங்களுக்காக ஒரு விளக்கம். எங்க ஊர்ல "ஒண்ணரை ஷிப்ட்"னு ஒரு சொல் உண்டு. காலையில 8.30க்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி 8.30. ஷிப்மென்ட் நெருங்கினா அதுக்கும் மேல. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி "உங்க கம்பெனியில ஒண்ணரை கெடைக்குமா?"ன்னு விசாரிச்சுத்தான் ஆளுங்க வேலைக்கே சேருவாங்க. ஒரு ஷிப்ட் சம்பளத்துல வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் கட்ட முடியாது.

புருசன் அயர்ன் டேபிள்ல, பொண்டாட்டி செக்கிங்ல. ஒரே ரூம், ஒரு அடுப்பு, குழாயில தண்ணி வர்ற நாள் ஒரு கணக்கு. இதுதான் நாம "பொறுமை இல்ல"ன்னு திட்டுற அந்தக் குடும்பம்.

6/
சமைக்க முடியலைன்னா என்ன ஆகும்? பட்டினி கிடக்க மாட்டாங்க. காலையில டீ, பன். 11 மணிக்கு டீ, வடை. மதியம் ரசஞ்சாதம், ஊறுகாய். சாயங்காலம் டீ, பஜ்ஜி. ராத்திரி வர்ற வழியில பரோட்டா, சால்னா.

வயிறு நிறையும். ஆனா அந்த நாள் பூரா பாத்தா மாவு, எண்ணெய், உப்பு, டீத்தண்ணி, அவ்வளவுதான். பருப்பு எங்க? காய் எங்க? முட்டை எங்க?

அப்புறம் என் க்ளினிக்ல ஒரே ஆளுக்கு ரத்தசோகையும் இருக்கும், தொப்பையும் இருக்கும், 38 வயசுல சுகரும் இருக்கும். "இது எப்படி சார் சேந்து வரும்?"னு கேப்பாங்க. இப்படித்தாங்க வரும்.

7/
தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்றது: தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல!

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல இந்தியாவுல பெரியவங்கள்ல 11.4% பேருக்குச் சர்க்கரை நோய். சுமார் 10 கோடிப் பேர்.

ஒரு பக்கம் இரும்புச்சத்து பத்தல. இன்னொரு பக்கம் மாவுச்சத்து மிஞ்சுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டுதான் நாம "ஒரே குக்கர்ல போடாதீங்க"ன்னு பாடம் எடுக்கறோம்.

8/
இப்ப விசயத்துக்கு வர்றேன். "ஒரே குக்கர்ல வேக வச்சா சத்து போயிடும்." இது உண்மையா?

கிட்டத்தட்ட நேர் எதிர்ங்க. பி வைட்டமின்கள் தண்ணியில கரையும். சாதத்தை வேக வச்சு கஞ்சியை வடிச்சுக் கொட்டுனா அதோட போயிடும். காயை வேக வச்சு தண்ணியை இறுத்துட்டுப் பொரியல் பண்ணுனா அங்கயும் போகும். ஒரே பாத்திரச் சமையல்ல கொட்டுறதுக்குத் தண்ணியே இல்ல. எல்லாம் சோத்துக்குள்ளயே நிக்குது.

வைட்டமின் சி மட்டும் சூட்டுல குறையும். அதுக்கு வழி ரொம்பச் சுலபம். சாப்பிடும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க. இல்ல, கையில ஒரு கொய்யா. முடிஞ்சது.

9/
அடுத்தது அளவு. எங்க கொங்கு அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஆத்தாக்கள் சொல்ற கணக்கு என்ன? மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல புது உணவு வழிகாட்டி வெளியிட்டாங்க. 2000 கலோரி தட்டுக்கு தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம்.

வகுத்துப் பாருங்க. மூணுக்கு ஒண்ணு!

விஞ்ஞானி தராசு வச்சு வந்து சேந்த இடத்துல எங்க ஊர் ஆத்தா டம்ளரை வச்சு எப்பவோ வந்து உக்காந்திருக்கா. அரிசிப் புரதத்துல லைசின் குறைவு, பருப்புல மெத்தியோனின் குறைவு. ரெண்டும் சேந்தா ஒண்ணு குறையை இன்னொண்ணு அடைக்கும். இதுக்குப் பேரா சோம்பேறித்தனம்?

10/
சரி, அந்தக் கரீபியன் ரீல்ஸுக்கு வருவோம். அந்தச் சாப்பாட்டைச் சமைச்சவங்க யாரு?

கரும்புத் தோட்டத்துல ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையா கொண்டுவரப்பட்டவங்க. சூரியன் உதிக்கறதுலேர்ந்து மறையற வரைக்கும் வேலை. ஒரு சட்டி, ஒரு அடுப்பு. கையில கெடைச்ச கிழங்கு, கீரை, பயறு, உப்புக்கண்டம் எல்லாத்தையும் தேங்காய்ப்பால்ல போட்டு வேக வச்சாங்க. கிரனடாவோட தேசிய உணவுன்னே சொல்ற "ஆயில் டவுன்" அப்படித்தான்: ஈரப்பலா, கீரை, உப்புக்கண்டம், மஞ்சள், தேங்காய்ப்பால், எல்லாம் ஒரே பானையில.

நேரம் திருடப்பட்டவங்க கண்டுபிடிச்ச சமையல் அது. அவங்களைப் பாத்து சோம்பேறின்னு சொல்லுவீங்களா?

11/
இன்னும் கேளுங்க. டிரினிடாட்ல "பெலாவ்"னு ஒரு சாப்பாடு. சர்க்கரையைக் கருக்கி, அதுல கோழியைப் புரட்டி, அரிசியும் ஒரு பயறும் போட்டு ஒரே பாத்திரத்துல வேக வைப்பாங்க. அந்தப் பயறு என்ன தெரியுமா? துவரை. நம்ம துவரம்பருப்புக்குத் தாயான அதே துவரை. இந்த மண்ணுல பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கடல் தாண்டுன செடி.

கயானாவுல "குக்-அப் ரைஸ்". வருசக் கடைசி ராத்திரி வீட்டுக்கு வீடு செய்வாங்க. அரிசி, தேங்காய்ப்பால், அப்புறம் நம்ம தட்டப்பயறு! கத்திரிக்காயோட குழம்பு வைக்கிறோமே, அதே தட்டப்பயறு.

12/
சட்டியில மட்டும் இல்ல, ஆளுங்கள்லயும் சொந்தம் இருக்கு.

அடிமை முறை ஒழிஞ்சதும் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? ஒப்பந்தக் கூலியா இந்தியர்களை ஏத்துனாங்க. 1838ல கயானா, 1845ல டிரினிடாட். 1853லேர்ந்து பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கும், அடுத்த வருசம் குவாதலூப்புக்கும். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவங்கள்ல பெரும்பகுதி நம்ம ஆளுங்க. பாண்டிச்சேரி, காரைக்கால்லேர்ந்து கப்பல் ஏறுன தமிழர்கள்.

இன்னிக்கும் அந்த ரெண்டு தீவுலயும் "கொலம்போ"ன்னு ஒரு பதார்த்தம் உண்டு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு போட்ட மசாலாவுல கறியும் காயும் ஒரே சட்டியில. "குழம்பு"தான் அங்க "கொலம்போ" ஆச்சுன்னு சொல்றாங்க. வாயில வச்சா நம்பிடுவீங்க.

13/
ஆக, நீங்க "வாவ்" போட்ட அந்த ரீல்ஸ் சாப்பாட்டுக்கும் எங்க ஊர் அரிசிம்பருப்புக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ரெண்டும் உழைக்கிறவன் வீட்டுச் சட்டி. ஒண்ணு இங்கிலீஷ் பேசுது, இன்னொண்ணு கொங்குத்தமிழ் பேசுது. உங்களுக்குப் பிடிக்காதது சட்டி இல்லீங்க, அதைக் கிளறுற கை.

கோவம் வருதா? வரட்டும். எனக்கும் நேத்து ராத்திரி பூரா வந்துச்சு.

14/
ரெசிபி கேக்காம விட மாட்டீங்கன்னு தெரியும். ரெண்டு சொல்றேன். ரெண்டும் நானே சமைச்சது. (என் மனைவி சாட்சி.)

முதல்ல, அரிசிம்பருப்பு. நாலு பேருக்கு. அரிசி ஒன்றரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர். குக்கர்ல கடலெண்ணெய், கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், ரெண்டு தக்காளி. வதங்கினதும் மஞ்சத்தூள், உப்பு. அப்புறம் வீட்டுல என்ன காய் இருக்கோ அது ரெண்டு டம்ளர். அவரை, கேரட், பீன்ஸ், சுரைக்காய், எதுவா இருந்தாலும் சரி. ஆறு டம்ளர் தண்ணி. நாலு விசில்.

காய் போடாமப் பண்றதுதான் வழக்கம். நான் போடச் சொல்றேன். ஆத்தா மன்னிப்பா.

15/
ரெண்டாவது, நம்ம ஊர் "கரீபியன்". ஞாயித்துக்கிழமைக்கு.

தட்டப்பயறு ஒரு டம்ளர், ராத்திரியே ஊற வச்சிடுங்க. அரிசி ரெண்டு டம்ளர். கொஞ்சம் எண்ணெயில பட்டை, கிராம்பு, மிளகு, வெங்காயம், பூண்டு. பயறு, அரிசி, உப்பு போட்டு ஒரு டம்ளர் தேங்காய்ப்பால், அஞ்சு டம்ளர் தண்ணி. அவங்க தைம் இலை போடுவாங்க. நீங்க வாசல்ல தொட்டியில நிக்கற ஓமவல்லி ரெண்டு இலை கிள்ளிப் போடுங்க. அது வெறும் மாற்று இல்ல. கரீபியன் தீவுகள்லயே அந்த இலையை ஒரு வகைத் தைம்னு சொல்லிச் சமைக்கறாங்க.

ஒரு பச்சை மிளகாயைக் கீறாம முழுசா மேல வைங்க. வாசம் இறங்கும், காரம் இறங்காது. நாலு விசில். திறந்ததும் ஒரு கை உருவுன முருங்கைக்கீரை போட்டுக் கிளறி, சிம்ல ரெண்டு நிமிசம் வச்சு, அணைச்சு மூடி அஞ்சு நிமிசம். எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்க.

16/
ரீல்ஸைப் பாத்து ராஜ்மா போட்டுப் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவுல இயற்கையாவே ஒரு நச்சுப் புரதம் இருக்கு. ராத்திரி பூரா ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, நல்லாக் கொதிக்க விட்டு வேக வைக்கணும். குக்கர் விசில்ல வெந்தா போதும், பயம் இல்ல. மெதுவா சூடாகுற எலக்ட்ரிக் பாத்திரத்துல அரைவேக்காடாப் பண்ணுனா வாந்தி நிச்சயம்.

ஊற வைக்கறது எல்லாப் பயறுக்கும் நல்லது. இரும்புச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கற பைட்டேட் கொஞ்சம் குறையும்.

17/
இது டிபன் பாக்ஸ் கட்டுறவங்களுக்கு. ரொம்ப முக்கியம்.

காலையில அஞ்சரைக்குச் சமைச்ச சோத்தை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடறீங்க. நடுவுல தகரக் கூரைக்குக் கீழ ஏழு மணி நேரம். அரிசியில ஒரு பாக்டீரியா உண்டு. அதோட வித்து வேக வச்சாலும் சாகாது. வெதுவெதுப்புல முளைச்சு நச்சு உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணுனாலும் அந்த நச்சு போகாது.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி சமைச்சு, ஆவி பறக்கப் பறக்க ஹாட் பாக்ஸ்ல போட்டு மூடுங்க. ஆற வச்சுக் கட்டாதீங்க. தேங்காய்ப்பால் ஐட்டம் டிபனுக்கு வேண்டவே வேண்டாம், வீட்டுல சுடச்சுடச் சாப்பிட மட்டும். லேசா புளிப்பு வாடை வந்தாலும் "காசு போகுதே"ன்னு பாக்காம கொட்டிடுங்க.

18/
இன்னொண்ணு, டீ. திருப்பூர்க்காரங்களை டீ குடிக்காதீங்கன்னு சொன்னா என்னை ஊரை விட்டே தொரத்திடுவீங்க. சொல்லல. ஆனா சாப்பாட்டோட டீ வேண்டாம். டீயில இருக்கற டானின் பருப்பு, கீரையில இருந்து வர்ற இரும்பை உடம்பு எடுக்க விடாது. இரும்பு மாத்திரைக்கும் அதே கதைதான். முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

ஹீமோகுளோபின் 6.8 இருக்கறவங்க "டாக்டர் குக்கர் சாப்பாடு போதும்னாரு"ன்னு கிளம்பிடாதீங்க. சாப்பாட்டால மட்டும் அதை ஏத்த முடியாது. மாத்திரை வேணும், சிலருக்கு ஊசி வேணும். மாதவிடாய்ல ரத்தம் ரொம்பப் போகுதா, வயித்துல கொக்கிப்புழு இருக்கான்னும் பாக்கணும். ஏறுனது திரும்ப இறங்காமப் பாத்துக்கறதுதான் சாப்பாட்டோட வேலை.

19/
"அரிசியே விஷம், நீங்க அரிசிச் சோத்தைப் பரிந்துரைக்கறீங்களே?"ன்னு கார்ப் எதிர்ப்பு அணி வருவாங்க. வாங்க.

சுகர் உள்ளவங்களுக்கு மூணுக்கு ஒண்ணு கணக்கு இல்ல. அரிசி ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு, காய் ரெண்டு பங்கு. அரிசிக்குப் பதிலா சாமை, வரகும் போடலாம். ஒரு கிண்ணம்தான், கூட ஒரு வெந்த முட்டை. கிட்னி பிரச்சினை உள்ளவங்க உங்க டாக்டரைக் கேக்காம பருப்பைக் கூட்டாதீங்க.

ஆனா 12 மணி நேரம் நின்னு அயர்ன் பண்றவனுக்குப் போய் அவகாடோ, பாதாம் மாவு ரொட்டின்னு டயட் சார்ட் எழுதிக் குடுக்கறது வைத்தியம் இல்லீங்க. அது கேலி.

20/
இப்ப எனக்கு நிஜமாவே வலிச்ச ஒரு கேள்விக்கு வர்றேன். தொழிற்சங்கத்துல இருக்கற ஒரு தோழர்கிட்ட இதையெல்லாம் சொன்னப்ப அவர் கேட்டாரு:

"ஏங்க டாக்டர், 12 மணி நேரம் வேலை வாங்கறவனைக் கேக்காம, அந்த 12 மணி நேரத்துக்குத் தோதா சோறாக்கச் சொல்லித் தர்றீங்களே. இது யாருக்கு லாபம்?"

ரெண்டு நாள் தூங்கல. அவர் சொல்றது தப்பில்ல. குக்கர் ரெசிபி சொல்லிட்டு நிறுத்துனா நான் பண்றது முதலாளிக்குச் சேவைதான்.

21/
அதனால நிறுத்தப் போறதில்ல.

2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் என்ன சொல்லுச்சு? ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வேலை வாங்குனா ரெட்டைச் சம்பளம். 250 பேருக்கு மேல வேலை பாக்குற இடத்துல கேன்டீன். 2020ல நாடாளுமன்றம் நிறைவேத்துன புதுத் தொகுப்புல கேன்டீனுக்கான வரம்பு 100 பேர்.

ஆனா திருப்பூர் எப்படி ஓடுது? கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், பிரின்டிங் வேற இடம், சாயம் வேற இடம். பாதி வேலை சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்ல. முப்பது பேர், நாப்பது பேர். 250 ஆனாலும் சரி, 100 ஆனாலும் சரி, சட்டம் அந்தச் சந்துக்குள்ள வரவே வராது.

22/
2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற திருத்த மசோதா நம்ம சட்டசபையிலேயே நிறைவேறுச்சு. எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்னிக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சாரு. அப்ப எங்க ஊர்ல ஒரு அண்ணன் சொன்னது மறக்காது: "நாங்க எப்பவோ பன்னெண்டு மணி நேரந்தான் பாக்கறோங்க. இவங்க இப்பத்தான் சட்டமாக்கப் பாக்கறாங்க."

ஒரே சட்டியில சாப்பிட்டவங்க அடங்கிக் கிடந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. கரீபியன் தீவுகள்ல 1937ல டிரினிடாட், பார்படாஸ், 1938ல ஜமைக்கான்னு தொழிலாளிங்க தீவு தீவா எழுந்தாங்க. 1984ல இதே திருப்பூர்ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு.

வயித்துக்குச் சோறு இருந்தாத்தான் நியாயம் கேக்கத் தெம்பு இருக்கும். தோழருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவரு ஒத்துக்கிட்டாரான்னு தெரியல, ஆனா ரெசிபியைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு.

23/
ஒரு முக்கியமான பருப்புக் கணக்கு. ரேஷன்ல கார்டுக்கு மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபா. நல்ல திட்டம், கை தூக்கிக் கும்பிடறேன். ஆனா வகுத்துப் பாருங்க. நாலு பேர் குடும்பம், 30 நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். தேவை 85 கிராம்.

மிச்சத்தைக் கடை விலைக்கு வாங்கணும். பருப்பு விலை ஏறுனா முதல்ல மெலியறது சாம்பார்தான். அரசாங்கத்துக்கு என் கோரிக்கை ஒரே வரி: தொழிலாளர் ஊர்கள்ல அந்த ஒரு கிலோவை ரெண்டு கிலோ ஆக்குங்க. ரத்தசோகைக்கு இதைவிடச் சல்லிசான மருந்து எனக்குத் தெரியல.

24/
ஒரே பாத்திரச் சாப்பாட்டை அரசாங்கம் கேவலமா நினைக்கல, பாத்தீங்களா? 1982ல எம்.ஜி.ஆர். விரிவாக்குன சத்துணவு ஓடுனதே பெரிய அண்டாவுலதான். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்துலயும் பொங்கல், கிச்சடி, உப்புமாதான், கூட காய் போட்ட சாம்பார்.

பிள்ளைக்கு அண்டாவுல ஆக்கிப் போடுறோம். அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு யாரு போடறது? இருபது ஜாப் ஒர்க் யூனிட் இருக்கற ஒரு சந்துக்கு ஒரு பொது அண்டா ஏன் கூடாது? இடத்தை ஓனர்கள் சேந்து குடுங்க, பருப்பை அரசாங்கம் குடுக்கட்டும். மதியம் சூடா ஒரு தட்டு. நம்ம அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்கே பேர் போன இடம். அண்டாவுக்குப் பஞ்சம்னு யாரும் சொல்லிட முடியாது.

25/
ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பிங்களையும் மறந்துடாதீங்க. ஒரு ரூம்ல ஆறு பேர். அவங்க சமைக்கறதைப் பாருங்க. கிச்சடி. ஒடிசாக்காரங்க "தால்மா" பண்ணுவாங்க, பருப்பும் காயும் ஒண்ணா வேக வச்சது. ஒரு தம்பிகிட்ட "என்னப்பா சாப்பாடு?"ன்னு கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டே "சிம்பிள் சார், ஒரே டப்பா"ன்னான்.

ஏன் வெக்கப்படணும்? நான் அவனைத் தட்டிக் குடுத்து, எலுமிச்சை மட்டும் சேத்துக்கச் சொன்னேன்.

26/
கடைசியா ஆம்பளைங்களுக்கு.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேலைக்குப் போறீங்க, ஒரே நேரத்துல வர்றீங்க. அவங்க வெங்காயம் உரிக்கறாங்க, நீங்க போன் பாக்கறீங்க. மூணு வகை பொரியல், குழம்பு, ரசம்னு பண்ணச் சொன்னா "எனக்குச் சமையல் தெரியாது"ன்னு தப்பிச்சுக்கலாம். அரிசிம்பருப்புல அந்தச் சாக்கு செல்லாது. டம்ளர்ல அளக்கத் தெரியுமா? நாலு வரைக்கும் எண்ணத் தெரியுமா? அப்ப உங்களுக்குச் சமைக்கத் தெரியும்.

அந்த வாட்ஸ்அப் பார்வர்டுக்கு உண்மையில பிரச்சினை சத்து இல்ல. ஒரே குக்கர்ல வேலை முடிஞ்சா வீட்டம்மா அரை மணி நேரம் முன்னாடியே படுத்துடுவாங்களே, அதுதான் பிரச்சினை.

27/
எங்கம்மா செக்கிங்ல இருந்தவங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்து, கால் கழுவிட்டு நேரா அடுப்படிக்குப் போவாங்க. அரை மணி நேரத்துல அரிசிம்பருப்பு, மேல ஒரு சொட்டு நெய். "இன்னிக்கு முடியல கண்ணு, இதான்"னு மன்னிப்பு கேக்கற மாதிரி தட்டை வைப்பாங்க. அந்தச் சோத்தைத் தின்னுதான் நான் டாக்டர் ஆனேன். மன்னிப்பு கேக்க வேண்டியது அவங்க இல்லன்னு எனக்குப் புரிய இருபது வருசம் ஆச்சு.

28/
அந்த 6.8 அக்கா? மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டாங்க. நாலு மாசத்துல 10.9. பெரும்பகுதி மாத்திரை வேலைதான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை புருசனையும் கூட்டிட்டு வந்தாங்க. "இப்பல்லாம் ராத்திரி இவருதாங்க குக்கர் வைக்கறாரு"ன்னாங்க. அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டாரு: "சார், கீரையை முன்னயே போட்டா கறுத்துப் போவுதுங்க. எப்பப் போடறது?"

இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிஞ்சிருந்தது. விசில் அடங்கித் திறந்ததுக்கு அப்புறம் போடுங்கண்ணா. சிம்ல ரெண்டு நிமிசம், மூடி அஞ்சு நிமிசம்.

29/
டாக்டர் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை "கீரை சாப்பிடுங்க"ன்னு எழுதறதுக்கு முன்னாடி, "வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

உங்க வீட்டு ஒரே பாத்திரச் சமையல் என்னன்னு கீழே எழுதுங்க. வெக்கப்படாம எழுதுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தொகுத்துப் போடறேன். க்ளினிக்ல அடிச்சு ஒட்டறதுக்கும் எனக்கு வேணும்.